யூனிஸின் அறுநூற்றுப் பதினான்கு குரல்கள்

யூனிஸ் ரத்தினமலரின் முதல் குரல் வீடு திரும்பியது மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. லண்டன் ஈஸ்ட்ஹாமில் தன் வீட்டுக் குசினியில் அவள் லீக்ஸ் தண்டு அரிந்துகொண்டிருந்தாள். முன்கதவில் கடிதம் போடுகிற துவாரம் ஒருமுறை திறந்து மூடியது. அந்த நேரத்தில் வருவது பெரும்பாலும் பீட்சாக் கடைத் துண்டுப்பிரசுரம் என்பதால் அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் வந்தது ஓர் "ஊ". நடையில் கிடந்த சப்பாத்துகளுக்கு மேலாக மிதந்து, மாடிப்படியடியில் சற்றுத் தயங்கி, குசினி வாசலில் வந்து நின்றது. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டு நவம்பரில், தடிமன் பிடித்த மூக்கோடு, வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு பெரிய பாடகருக்குப் பின்னால் நின்று தான் பாடிய "ஊ" அது என்பது யூனிஸுக்கு உடனே தெரிந்தது. அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. இப்போது எழுபத்தொன்று.

"வாசல்ல நிக்காதை. உள்ளுக்கு வா, அங்கை குளிர்," என்றாள்.

என்றாள் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. இரண்டு வருடங்களுக்கு முன் கழுத்தில் நடந்த சத்திரசிகிச்சையில் குரல்நாணுக்குப் போகிற நரம்பு ஒன்று போய்விட்டது. மிஞ்சியது காகிதத்தைக் காகிதத்தில் தேய்ப்பதுபோல ஒரு காற்று மட்டும். அந்தக் காற்றால்தான் அவள் கடையில் பால் கேட்டாள், தொலைபேசியில் ஓம், இல்லை சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தின் கடைசி வாங்கில் இருந்து வாயசைத்தாள்.

பத்து நிமிடத்துக்குள் இன்னும் ஐந்து "ஊ" வந்தன, ஒரே சாயலில், ஒரே தடிமனோடு. யூனிஸ் அதற்கும் ஆச்சரியப்படவில்லை. ஒலிப்பதிவுக்கூடத்தில் பின்பாட்டுப் பாடுகிறவர்களுக்கு அது வழக்கமான வேலை: ஒரே பெண் ஒரே வரியை ஆறு தடவை பாடுவாள், ஆறையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் கேட்பவர் காதுக்கு ஒரு மண்டபம் நிறையப் பெண்கள் நிற்பார்கள். ஆகவே ஒரு பாட்டிலிருந்து ஒரு குரல் வந்தால் ஆறும் வந்தே தீரும். அவள் அரிந்த லீக்ஸை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மாடிப்படியைத் துடைத்து வைத்தாள்.

யூனிஸ் ஒன்பது வயதில் தகப்பனோடும் தாயோடும் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தவள். தகப்பன் கப்பல் கொம்பனி ஒன்றில் எழுதுவினைஞர். தேவாலயக் கொயரில் நடுக்குரல் பாடிய பிள்ளையை, பதினெட்டு வயதில், கொயர் நடத்தியவரின் மைத்துனர் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் போனவள் நாற்பத்தைந்து வருடம் அதே இடத்தில் நின்றாள்: முன்னால் நிற்பவருக்கு இருபது அடி பின்னால், இடப்பக்கம், கறுப்புச் சட்டையில். முன்னால் நிற்பவர் ஒரு வரியைப் பாடிவிடுவார். பின்னால் நிற்பவர்கள் அதன் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடவேண்டும். அவர் "நீ இல்லாத இரவு" என்றால் இவர்கள் "இரவு, இரவு" என்பார்கள். அவளுக்கு மேலே, உச்சிக்குரலில், பிரிக்ஸ்டனில் வளர்ந்த ஜமேக்காக்காரரின் மகள் வேர்னா. கீழ்க்குரலுக்கு ஆட்கள் மாறி மாறி வந்தார்கள். மேலும் நடுவும் மாறவில்லை. ஊர் ஊராக, கண்டம் கண்டமாக, வெள்ளைச் சப்பாத்துக்காரருக்குப் பின்னால், பிறகு அழுது அழுது பாடிய இரட்டையருக்குப் பின்னால், பிறகு அவர்களுடைய பிள்ளைகளின் வயதில் இருந்தவர்களுக்குப் பின்னால், எத்தனையோ அரங்குகளின் பின்கதவால் போய்ப் பின்கதவால் வந்தார்கள். இசைத்தட்டு உறைகளில் அவர்களுடைய பெயரை அச்சடித்தபோது பிழையாக அச்சடித்தார்கள். அச்சடிக்காதபோது பிழை இருக்கவில்லை.

முன்னுக்கு வரும் ஆசை அவளுக்கு இல்லையென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை வந்தாள். எண்பத்துமூன்றில், ஒரு பதிவு முன்னேரமே முடிந்தபோது, ஒலிப்பதிவாளர் நல்ல மனுஷன், "யூனிஸ், அரைமணித்தியாலம் கிடக்கு. நீ எழுதின பாட்டு ஒண்டு இருக்கெண்டியே, பாடு," என்றார். இருந்தது. "என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, நான் முன்கதவால் வருகிறேன்" என்று தொடங்கும் பாட்டு. யூனிஸ் முன்னால் இருந்த ஒலிவாங்கிக்குப் போனாள், கண்ணை மூடினாள், பாடினாள். முடித்துக் கண்ணைத் திறந்தபோது ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா பாட்டு எங்கை?"

அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. அவள் பாடியது தன்னுடைய பாட்டின் மெட்டை அல்ல. யாரோ முன்னால் நின்று அந்த மெட்டைப் பாடுவதாக நினைத்துக்கொண்டு, அதற்கு மூன்று சுரம் கீழே, நடுக்குரலைப் பாடியிருந்தாள். இன்னொரு தடவை பாடினாள். இன்னொரு தடவையும் அப்படியே. சின்ன வயதிலிருந்து நடுவிலே நின்ற காது, மெட்டு வேறு யாருக்கோ உரியது என்று பழகிப்போயிருந்தது. வேர்னா விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அரைமணித்தியாலம் முடிந்துபோனது. அந்தப் பாட்டை ஒருமுறையாவது, தன் குரலில், முன்னால் நின்று கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் முடியவில்லை. சத்திரசிகிச்சை மேசையில் மயக்கமருந்து ஏறும்போதும் அவள் நினைத்தது அதைத்தான்.

இப்போது குரல்கள் வந்துகொண்டிருந்தன.

முதற்கிழமை முடிவில் எண்பத்துநாலு. படிக்கு ஆறு ஆறாக அமர்ந்தன. குளிருக்கு ஒடுங்கியவை சுடுதண்ணீர்த் தாங்கி இருந்த அலுமாரிக்குள் போயின. யப்பான் சுற்றுப்பயணத்தில் மேடையிலேயே பதிவானவை மூன்று கிழமை பிந்தி, கப்பலில் வந்தவைபோலக் களைத்து, ஆயிரக்கணக்கான பேரின் கைதட்டல் தூசியை உதறிக்கொண்டு வந்தன. தொலைக்காட்சியில் ஒரு கஸ்டர்ட் மா விளம்பரத்துக்குப் பாடிய குரல் ஒன்று தனியாக வந்தது. இரண்டே விநாடி நீளமென்றாலும் அது மட்டும்தான் யாருக்கும் பின்னால் நில்லாமல் தன்னந்தனியே பாடிய குரல் என்பதால் கொஞ்சம் தலைக்கனத்தோடு குசினி யன்னலில் ஏறி இருந்தது. மற்றவற்றுக்கு அதைப் பிடிக்கவில்லை.

வீட்டில் மௌனம் என்பதே இல்லாமற் போயிற்று. பின்பாட்டுக்காரர் ஒருபோதும் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்க மாட்டார்கள். ஒருவர் வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்ளவேண்டும், கேட்பவருக்கு இடைவெளி தெரியக் கூடாது. அது அந்தக் குரல்களின் எலும்பில் ஊறியிருந்தது. ஒன்று ஓய, மற்றொன்று ஏந்த, காலையும் மாலையும் சுவரும் கூரையும் மெல்ல முனகிக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டுத் திலகமணி எட்டாம் நாள் கதவைத் தட்டினாள். மருமகளோடு கோபம் வந்தால் யூனிஸ் வீட்டில் தேத்தண்ணி குடிக்க வருகிறவள்.

"என்னக்கா, வீட்டுக்குள்ளை கொயர் வச்சிருக்கிறியளோ?"

"என்ரை பழைய குரல்கள். திரும்பி வந்திட்டுதுகள்."

"ஓ. எத்தினை?"

"இண்டைக்குக் காலமை வரைக்கும் தொண்ணூற்றாறு."

"தொண்ணூற்றாறோ! சாப்பாட்டுக்கு என்ன செய்யிறியள்?"

"ஒண்டும் சாப்பிடாதுகள். காத்து மட்டுந்தான்."

"அப்ப யன்னலைத் திறந்து விடுங்கோவன், பாவங்கள்," என்று திலகமணி தானே போய்த் திறந்துவிட்டாள். பிறகு படியில் நின்று, யோசித்து, குரலைத் தாழ்த்தி, "நான் அவளுக்குச் சொன்னது பிழையோ?" என்றாள்.

"பிழையோ, பிழையோ, பிழையோ," என்றன குரல்கள், அவ்வளவு அழகாக, அவ்வளவு பரிவாக, திலகமணி அன்று மாலையே மருமகளிடம் போய், ஆட்டிறைச்சிக் கறிக்கு உப்புக் கூடிப்போனது தன்னால்தான் என்று ஒத்துக்கொண்டாள்.

குரல்கள் வீடு திரும்பின என்றால் அவை எங்கிருந்தோ புறப்பட்டன என்றுதானே அர்த்தம். நாடு முழுக்க இசைத்தட்டுகளிலும் வானொலிகளிலும் ஓட்டைகள் விழுந்தன. வெள்ளைச் சப்பாத்துக்காரர் "நீ இல்லாத இரவு" என்று பாடுவார், பதில் வராது. அவர் அடுத்த வரிக்குப் போகும் வரையில் அங்கே ஒரு பள்ளம். கலியாண மண்டபங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பள்ளத்தில் கால் இடறி நின்றார்கள். சிகை அலங்காரக் கடைகளில் கத்தரிக்கோல்கள் தயங்கின. வானொலி நிலையங்கள் முதலில் கருவிக் கோளாறு என்றன, பிறகு மன்னிப்புக் கேட்டன, பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பழக ஒரு மாதம் எடுத்தது. பழகியபின் நடந்ததுதான் விசேஷம். இறைச்சிக் கடை வரிசையில் நின்ற ஒரு கிழவர், பள்ளம் வந்ததும், யாரையும் பார்க்காமல், "இரவு, இரவு" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற தாதிப்பெண் அதற்கு மேற்குரல் எடுத்தாள். பஸ்ஸில், பல்வைத்தியரின் காத்திருப்பறையில், பல்பொருள் அங்காடியின் உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவில், சனங்கள் வெட்கத்தோடு பள்ளங்களை நிரப்பத் தொடங்கினார்கள். முன்னால் பாடியவரை மட்டுமே இவ்வளவு காலமும் கேட்டோம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, மனப்பாடமாய் இருந்தது பின்பாட்டுத்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாடியது யார் என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. பழைய உறைகளில் தேடினார்கள். பிழையாக அச்சடித்த பெயர்தான் கிடைத்தது.

சத்தம் அதிகமென்று யாரோ எழுதிப்போட, கவுன்சிலிலிருந்து ஒருவர் சத்தம் அளக்கும் கருவியோடு வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவர் என்றாள் யூனிஸ். அவர் நடையில் நின்று கேட்டார், கருவியைப் பார்த்தார், மறுபடி கேட்டார். பிறகு படியில் இருந்துவிட்டார். அப்போது முனகிய அந்தப் பாட்டுக்குத்தான் தன் தாயும் தகப்பனும் முதன்முதல் சேர்ந்து ஆடினார்கள் என்றார். "ஆடினார்கள்," என்றன குரல்கள். அவர் படிவத்தில் "இடைவெளியற்ற சத்தம், தொந்தரவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஈஸ்ட்ஹாம் தமிழ்ச் சனம் தங்கள் வழியில் விஷயத்தைக் கையில் எடுத்தது. ஊர்க் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் சங்கத் தலைவர் அருளம்பலம், கழுத்துப் பட்டியோடு வந்து, முப்பது குரல்களைச் சனிக்கிழமைக்கு இரவல் கேட்டார். சங்கத்தின் ஆண்டு விருந்து எந்த மண்டபத்தில் என்பதில் பதினொரு வருடமாக இரண்டு கட்சி.

"சும்மா எனக்குப் பின்னாலை நிண்டாப் போதும் மிஸ். ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

"அதுகள் கதைக்காது," என்றாள் யூனிஸ். "கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லுதுகள்."

"அது போதும்!"

போதுமாகத்தான் இருந்தது. அருளம்பலம் "ஆகவே ஹரோ மண்டபமே சிறந்தது" என்று முடிக்க, "சிறந்தது, சிறந்தது" என்று மூன்று அடுக்கில் எழுந்த இசையில், எதிர்க்கட்சிக்காரரே கண்கலங்கிக் கை உயர்த்தினார்கள். மறுகிழமை எதிர்க்கட்சி முப்பத்தாறு குரல்களை இரவல் வாங்கியது. வேறு மண்டபம் அதேயளவு ஏகமனதாக நிறைவேறியது. மூன்றாம் கிழமை, சங்கத்தின் யாப்பைத் திருத்தி, இனிமேல் உரைகள் பின்பாட்டு இன்றியே நிகழ்த்தப்படும் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதற்கு இரு கட்சியும் கைதட்டின.

ஆனால் புதன்கிழமைப் பின்னேரங்களில் வந்தவர்கள் இரவல் கேட்கவில்லை. ஒருவர் ஒருவராக வந்து, சப்பாத்தைக் கழற்றி, படியில் இருந்தார்கள். யாரிடம் சொன்னாலும் பதில் வராத விஷயங்களை அங்கே சொன்னார்கள். பதினைந்து வருடமாகப் பிள்ளையைத் தேடுகிற ஒரு தாய் அவன் பெயரை மட்டும் சொன்னாள். குரல்கள் பெயரைத் திருப்பிச் சொல்லின, ஆறாக, பன்னிரண்டாக, நூறாக, மாடி வரைக்கும். அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, "அடுத்த கிழமையும் வரலாமோ?" என்று கேட்டாள். வந்தாள்.

யூனிஸ் இதையெல்லாம் தடுக்கவில்லை. ஆனால் காலை நேரங்கள் அவளுடையவை. காலையில் கதவைப் பூட்டிவிட்டு, கொயர் மிஸ்போலக் கையை உயர்த்தி, அவள் தன் பாட்டைக் கோத்துக்கொண்டிருந்தாள். எந்தக் குரலிடமும் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் இல்லை. ஒன்றிடம் "பெயர்" இருந்தது, ஒன்றிடம் "கூப்பிடு", எண்பதாம் ஆண்டுக் காதற்பாட்டு ஒன்றிடம் "கதவு". அவற்றைப் படிபடியாக வரிசையில் இருத்தி, சுட்டுவிரலால் ஒவ்வொன்றையும் எழுப்பி எழுப்பி, ஏப்பிரலில் முதல் வரியைச் சேர்த்தாள், ஜூனில் மெட்டைத் தவிர முழுப் பாட்டையும் சேர்த்துவிட்டாள். மெட்டைத் தவிர. ஏனென்றால் அறுநூற்றுப் பதினான்கு குரலும் நடுக்குரல்தான். முன்னால் போ என்றால் ஒன்றையொன்று பார்க்கும். இருபது வயதில் பாடியதும் அறுபதில் பாடியதும் ஒரேமாதிரி ஒதுங்கி, யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல வழிவிட்டு நிற்கும். அவளுக்கு நம்பிக்கை தந்தது கஸ்டர்ட் குரல் ஒன்றுதான். தனியே பாடிப் பழகியது அல்லவா, ஜூலையில் அது மெட்டின் முதல் இரண்டு சுரத்தைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு மாதம், இல்லையென்றால் இரண்டு மாதம் என்று யூனிஸ் கணக்குப் போட்டாள்.

அந்தக் கிழமை வெள்ளியன்றுதான் டெஸ்மண்ட் தொலைபேசியில் கூப்பிட்டான். வேர்னாவின் மகன், ஐம்பது வயது, பஸ் ஓட்டுகிறவன். வேர்னா நாலு வருடமாக சௌத்எண்டில் கடலைப் பார்த்த ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாள். மறதி. மகனின் பெயரைச் சில நாள் மறந்தாள், சில நாள் தன் பெயரையே.

"அம்மா எழும்புறா இல்லை, அன்ரி."

"எத்தினை நாளா?"

"மார்ச்சிலையிருந்து கொஞ்சம் கொஞ்சமா. இப்ப முழுசா. உங்களுக்குத் தெரியுந்தானே, ஒவ்வொரு நாளும் காலமை உங்கடை பழைய றெக்கோட் ஒண்டைப் போடுவினம். அதுக்குத்தான் அவ எழும்பி நிண்டு பாடுவா. பாடிப்போட்டுத்தான் முகம் கழுவுவா, சாப்பிடுவா. மார்ச்சுக்குப் பிறகு எழும்பி, மூச்சை எடுத்து, நிப்பா. பாடத் தொடங்க முடியேல்லை. திரும்பிப் படுத்திடுவா. இப்ப எழும்புறதே இல்லை. ரெண்டு நாளாத் தண்ணியும் குடிக்கேல்லை. டாக்குத்தர் என்னென்னவோ சொல்லுறார். எனக்கு ஒண்டுதான் தெரியும். அவ உங்கடை குரலைத் தேடுறா."

யூனிஸுக்கு டாக்டர் சொல்லத் தேவையில்லை. உச்சிக்குரல் தன் சுரத்தை மெட்டிலிருந்து எடுப்பதில்லை, நடுக்குரலிலிருந்து எடுக்கும். நடு இல்லையென்றால் உச்சி ஏணி இல்லாத கூரை.

திலகமணி விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கையை வைத்தாள்.

"எல்லாத்தையுமோ? ஒரு ஆறைக் குடுத்தாப் போதாதோ?"

"அவவுக்கு ஒரு நாளைக்கு ஒரு றெக்கோட். எது எண்டு தெரியாது. எல்லாத்திலையும் நான் இருக்கவேணும்."

"திரும்பிப் போனதுகள் பிறகு வருங்களோ?"

"ஒருக்கா வந்ததே பெரிய காரியம்."

"அப்ப உங்கடை பாட்டு?"

யூனிஸ் படிகளைப் பார்த்தாள். வரிசையில் இருத்திய சொற்கள் வரிசையாகவே இருந்தன.

"நாப்பது வருசம் பிந்தின பாட்டு," என்றாள். "வேர்னா ரெண்டு நாளாத் தண்ணி குடிக்கேல்லை."

திலகமணி போய் உடுப்பு மாற்றிக்கொண்டு, போத்தலில் தேத்தண்ணியும் கையில் குடையுமாக வந்து நின்றாள். "தனிய அனுப்பேலாது," என்றாள், யூனிஸையா குரல்களையா என்று சொல்லாமல்.

சனிக்கிழமை காலை பக்கத்து ஊரான பார்க்கிங்கின் நிலையத்திலிருந்து சௌத்எண்ட் போன ரயிலில் ஏறியவர்கள், நாலாம் பெட்டியில் இருக்கைகள் வெறுமையாகத் தெரிந்தும் ஏனோ உட்காராமல் நின்றுகொண்டு போனார்கள். குரல்கள் இருக்கைக்கு மூன்றாக ஒடுங்கி இருந்தன. பயணச்சீட்டுப் பார்ப்பவர் வந்து, காதைச் சாய்த்து, இரண்டு முதியவர் சீட்டையும் பார்த்துவிட்டு, "கூட்டமாய்த்தான் வந்திருக்கிறீர்கள்," என்று சொல்லிக் கடந்து போனார். கடல் தெரிந்தபோது யப்பானிலிருந்து வந்தவை மட்டும் கொஞ்சம் சலசலத்தன.

இல்லத்தின் கூடத்தில் காலைச் சாப்பாடு முடிகிற நேரம், சுற்றிவரக் கதிரைகளில் பதினைந்து பேர் இருந்தார்கள். யன்னலோரம், சக்கரம் பூட்டிய கட்டிலில், வேர்னா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு எங்கே போனதென்று தெரியவில்லை. டெஸ்மண்ட் இசைத்தட்டைச் சுழலவிட்டான். ஊசியை இன்னும் வைக்கவில்லை.

"போங்கோ," என்றாள் யூனிஸ்.

குரல்கள் அசையவில்லை.

ஊசி இறங்குவதற்குள் அவை உள்ளே போய் நிற்கவேண்டும்; பாட்டுத் தொடங்கியபின் ஓடிப்போய் இடம்பிடிப்பது அவர்கள் தொழிலில் செய்யக் கூடாத காரியம். ஆனால் பாட்டுத் தொடங்குமுன் முன்னால் போக யாருமில்லை. வரும்போது ஒவ்வொன்றும் தன்பாட்டில் வந்தது. போகும்போது ஒன்றாகப் போகவேண்டும், ஒன்றாகப் போவதென்றால் யாருக்காவது பின்னால்தான் போகத் தெரியும். அறுநூற்றுப் பதினான்கும் ஒன்றையொன்று பார்த்தன. கஸ்டர்ட் குரல் ஓர் அடி முன்னால் வைத்தது, சுழலும் தட்டின் விளிம்பு வரைக்கும் போனது, திரும்பிப் பார்த்தது, திரும்பி வந்தது.

"அன்ரி, ஊசியை வைக்கட்டோ?"

"பொறு."

யூனிஸ் வாயைத் திறந்தாள். வழக்கமான இடத்தைத் தேடினாள், நாற்பத்தைந்து வருடமாகக் காலுக்குப் பழகிய அந்த நடு இடத்தை. அங்கே ஆள் இருந்தது. பதினெட்டு வயது யூனிஸ் நின்றாள், தடிமன் பிடித்த யூனிஸ் நின்றாள், தகப்பன் செத்த கிழமையிலும் போய்ப் பாடிய யூனிஸ் நின்றாள், நடுவெல்லாம், நடுவின் ஒவ்வொரு அங்குலமும் அவளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றாள். இன்னொருத்திக்கு அதில் இடமில்லை. மிச்சமாய் இருந்த இடம் ஒன்றுதான். அவள் மேலே மூன்று சுரம் ஏறி அங்கே நின்றாள்.

"என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு," என்று பாடினாள்.

குரல் என்று அதைச் சொல்ல முடியாது. காற்றுத்தான். பக்கத்துக் கதிரைக்காரிக்குக்கூடச் சரியாகக் கேட்டிராது. ஆனால் மெட்டு அதில் இருந்தது, நேராக, நடுங்காமல். "கூப்பிடு," என்றன அறுநூற்றுப் பதினான்கும் அவளுக்குப் பின்னால், கூடத்தின் கண்ணாடிகள் அதிர. "நான் முன்கதவால் வருகிறேன்," என்றாள் யூனிஸ். "வருகிறேன், வருகிறேன்," என்றன, ஒன்று ஓய ஒன்று ஏந்தி, அந்தக் காற்றை உள்ளங்கையில் வைத்துத் தாங்குவதுபோல. கூழ் ஊட்டிக்கொண்டிருந்த பணிப்பெண்ணின் கரண்டி பாதிவழியில் நின்றது. திலகமணி குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த உடம்பு திரும்பியது. ஒரு கை கட்டிலின் கம்பியைப் பிடித்தது. வேர்னா எழும்பினாள், டெஸ்மண்ட் ஓடிவரக் கையாலேயே அவனைத் தள்ளினாள், இரண்டு காலிலும் நின்று, மூச்சை எடுத்து, எல்லாக் குரலுக்கும் மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, தன் இடத்தைப் பிடித்தாள்.

பாட்டு இரண்டு நிமிடம்கூட இல்லை. தன் தன் சொல்லைப் பாடி முடித்த குரல் ஒவ்வொன்றும் யூனிஸைக் கடந்து, சுழன்றுகொண்டிருந்த தட்டுக்குள் இறங்கியது. அங்கிருந்து எந்தெந்த வீட்டில் எந்தெந்தத் தட்டு இருந்ததோ, எந்தெந்த வானொலியில் எந்தப் பள்ளம் இருந்ததோ, அவ்வவற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னால் இருந்த கூட்டம் மெலிந்துகொண்டே வந்தது. கடைசி வரிக்கு ஆறு. கடைசிச் சொல்லுக்கு ஒன்று. கஸ்டர்ட் குரலுக்கு மட்டும் போக இசைத்தட்டு இல்லை. அது பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டுக் கதவிடுக்கால் நழுவிப் போய்விட்டது.

பிறகு கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஐந்து மாதத்துக்குப்பின் யூனிஸ் கேட்ட முதல் மௌனம். அவள் வாயை மூடிக்கொள்ள மறந்து நின்றாள்.

"அவசரப்பட்டிட்டாய்," என்றாள் வேர்னா. குரல் வறண்டு கரகரத்தது. "ரெண்டாவது வரியிலை ஓடுறாய். முன்னுக்கு நிக்கிற ஆள் ஓடக் கூடாது. பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கரைச்சல்."

"ஓம்," என்றாள் யூனிஸ்.

"உன்ரை பாட்டோ?"

"என்ரைதான்."

"வடிவு. மற்றச் சரணம் எங்கை?"

யூனிஸ் தலையை ஆட்டினாள். அப்படி ஒன்று இல்லை. ஒரு சரணத்துக்கு மேல் யாரும் கேட்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

டெஸ்மண்ட் தண்ணீர்க் கோப்பையை நீட்டினான். வேர்னா அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, வெறுங்கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். பணிப்பெண் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"போதும் வேர்னா, கால் நடுங்குது. இருங்கோ."

"பாட்டு முடியேல்லை," என்றாள் வேர்னா, அந்தப் பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "பாட்டு முடியிறதுக்கு முன்னம் ஆரும் இருக்கிறதோ?"

யூனிஸ் மேசையில் கிடந்த மத்தியானச் சாப்பாட்டு அட்டையைத் திருப்பினாள். திலகமணி கைப்பையைக் கிண்டிப் பேனையை எடுத்து அவள் கையில் வைத்தாள். வேர்னா ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே காத்திருந்தாள்.